சரஸ்வதி பூஜையில் ஒரு ஜப்பான் புத்தகம்

எங்கள் கம்பெனியில் அவரை எல்லோரும் "சான்" என்றுதான் கூப்பிட்டோம். ஜப்பான்காரர்கள் பெயருக்குப் பின்னால் மரியாதைக்காகச் சேர்க்கும் ஒட்டு அது. பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, ஒட்டு மட்டும் நுழைந்தது. நம்மூரில் ஒருவரைப் பெயரை விட்டுவிட்டு வெறுமனே "அவர்களே, அவர்களே" என்று கூப்பிட்டால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் அவர் இங்கே இருந்த காலம் முழுக்கக் கூப்பிட்டோம். மிஷின் பக்கத்து ஆட்கள் அதிலும் மரியாதை போதவில்லை என்று "சான் சார்" ஆக்கிவிட்டார்கள். அவர் அதை ஒருநாளும் திருத்தவில்லை. மற்ற எல்லாவற்றையும் திருத்தினார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி அச்சடிக்கிற கம்பெனி எங்களுடையது. கொசுவர்த்தி, பிஸ்கட், ஊதுபத்தி, எது உள்ளே போனாலும் வெளியே இருக்கிற படம் நாங்கள் போட்டதாக இருக்கலாம். அச்சாகி வரும் அட்டையைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது என் வேலை. ஜப்பானிலிருந்து புது மிஷின் வந்தபோது அதை ஓட்டக் கற்றுக்கொடுக்க சானும் கூடவே வந்தார். மிஷின் சத்தம் போட்டது, சான் போடவில்லை. அவ்வளவுதான் இரண்டுக்கும் வித்தியாசம்.

எங்கள் தொழிலில் ரெஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. கலர்கள் ஒவ்வொன்றாகத்தான் அச்சாகும். ஒரு கலரின் மேல் அடுத்த கலர் துளியும் நகராமல் வந்து உட்கார வேண்டும். சிவப்பு கொஞ்சம் நகர்ந்தால் பிஸ்கட் பாக்கெட்டில் சிரிக்கும் குழந்தைக்கு உதடு கன்னத்துக்குப் போய்விடும். சான் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன லென்ஸ் வைத்திருப்பார். அட்டையின் மேல் குனிந்து அதை வைத்துப் பார்ப்பார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். பிறகு நிமிர்ந்து, தனக்குத் தெரிந்த ஒரே தமிழைச் சொல்வார்.

"இன்னும் கொஞ்சம்."

கலரை வலது பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்து என்று அர்த்தம். நகர்த்தினால் மறுபடியும் "இன்னும் கொஞ்சம்." கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவரிடமும் அதையேதான் சொல்வார். சாம்பார் தட்டைத் தாண்டி மேஜையில் ஓடும், அப்போதும் வேறு வார்த்தை வராது. "போதும்"னு ஒரு வார்த்தை இருப்பதை யாராவது இந்த மனுஷனுக்குச் சொல்லிக்கொடுங்களேன் என்று கேன்டீன்காரர் புலம்புவார். எங்களுக்கும் அதே குறைதான்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. கொசுவர்த்தி டப்பா ஒன்றை மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பியிருந்தார். "சான், இது கொசுவர்த்தி டப்பா. வாங்குகிறவர் கரண்ட் போன நேரத்தில் தடவித் தடவிப் பிரித்து, டப்பாவைக் குப்பையில் போடப்போகிறார். கொசுவும் இதைப் பார்க்காது" என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் அவருக்குத் தெரிந்த இங்கிலீஷும் சேர்ந்து அரை இங்கிலீஷ்தான் தேறும். ஆனாலும் புரிந்துகொண்டார். டப்பாவை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். கோபம் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கையை நன்றாகக் கழுவிவிட்டு வரச் சொன்னார். துடைத்துக் காயவைத்துக்கொண்டு போனேன். மேஜைமேல் ஒரு வெள்ளைத் துணி. அதன்மேல் கருநீல அட்டை போட்ட ஒரு புத்தகம், பள்ளிக்கூட நோட்டைவிடக் கொஞ்சம் சின்னது, நூலால் தைத்தது. தூக்கினால் எடையே இல்லை. நம் கணக்குப்படி அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு மேல் பழசு என்றார்.

உள்ளே ஒரு பழைய ஜப்பான் ஊரின் தெருவில் தொழில் செய்கிறவர்கள். கூடை தூக்கிய மீன்காரர், குடை செய்கிறவர், சீப்பு விற்கிறவர், மழையில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடும் ஒரு பெண். படத்தின் இடுக்குகளிலெல்லாம் எழுத்து கொடிபோல இறங்கியிருந்தது. மீன்கூடைக்குப் பின்னால் புகுந்து இந்தப் பக்கம் வந்தது. இத்தனையும் மரப்பலகையில் செதுக்கி அச்சடித்தது என்று சான் சொன்னபோது முதலில் நான் நம்பவில்லை.

அவர் கையாலேயே செய்து காட்டினார். ஓவியர் மெல்லிய தாளில் வரைவாராம். அந்தத் தாளைச் செர்ரி மரப் பலகையில் கவிழ்த்து ஒட்டிவிட்டு, கோடுகளை மட்டும் நிறுத்தி மீதியைச் செதுக்கி எடுப்பார்களாம். செதுக்கச் செதுக்க, வரைந்த படம் மரத்தூளோடு போய்விடும்.

"அப்போ ஒரிஜினல்?" என்றேன்.

"இல்லை."

எங்கள் கம்பெனியில் ஒரிஜினல் தொலைந்தால் விசாரணை வைப்பார்கள். அவர்கள் அதைத் தொழிலாகவே செய்திருக்கிறார்கள். எழுத்தையும் படத்தோடு சேர்த்து அதே பலகையில் தலைகீழாகச் செதுக்கிவிடுவார்களாம். ஒவ்வொரு எழுத்தாகக் கோத்து அச்சடிக்கிற முறை அந்த ஊருக்கும் ஒரு காலத்தில் போனதுதான். கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். ஒன்றோடொன்று கைகோத்து ஓடும் எழுத்து அவர்களுடையது, படத்தின் பக்கத்தில் அது இஷ்டத்துக்கு நெளிய வேண்டும். அதற்குப் பலகைதான் வசதி. எனக்கு அவர்களை அந்த இடத்தில் பிடித்துப்போனது. புது மிஷின் வந்தால் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

கலர் அச்சு என்றால் கலருக்கு ஒரு பலகை. ஈரப்படுத்திய தாளைப் பலகைமேல் வைத்து, மூங்கில் மடல் சுற்றிய ஒரு வட்டத் திண்டால் முதுகில் தேய்ப்பார்கள். சரி, ரெஜிஸ்டர்? அதைத்தான் கேட்டேன். ஒவ்வொரு பலகையின் மூலையிலும் ஒரு சின்ன வெட்டு, கொஞ்சம் தள்ளி விளிம்பில் இன்னொரு வெட்டு. தாளின் மூலையும் ஓரமும் அதில் முட்டி உட்கார்ந்தால் எல்லாக் கலரும் இடத்தில் விழும். எங்கள் மிஷினில் அதே வேலையைச் செய்ய ஒரு கேமரா இருக்கிறது. அது ரிப்பேரானால் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும்.

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது கட்டிங் பிரிவின் தலைவர் ஏதோ கையெழுத்துக்காக உள்ளே வந்தார். பொதட்டூர்பேட்டைக்காரர். நேர்கோட்டில் வெட்டாத எதையும் பார்த்தால் அவருக்குக் கை பரபரக்கும். புத்தகத்தின் ஓரத்தைப் பார்த்தார். ஒவ்வொரு தாளும் வெளி ஓரத்தில் மடிந்தபடியே இருந்தது.

"இன்னா சார் இது, பைண்டிங்காரன் ஓரத்த வெட்டாமயே உட்டுட்டான். குடுங்க, நம்ம மிஷின்ல வச்சி ஒரே இழுப்பு. கையோட எட்தாந்து குட்துர்றேன்."

சானுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் கட்டிங்காரரின் கை காற்றில் வெட்டிக் காட்டியதைப் பார்த்துவிட்டார். புத்தகத்தைப் பச்சைக் குழந்தையை அணைப்பதுபோல மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். தாள் மெல்லிசு என்பதால் ஒரு பக்கம்தான் அச்சடிப்பார்கள், இரண்டாக மடித்து மடிப்பு வெளியே வரும்படி தைப்பார்கள், உள்பக்கம் வெறுமையாகவே இருக்கும். நான் தமிழில் சொன்னேன்.

"அப்போ பாதி பேப்பரு சும்மாவா கெடக்குது?" என்றார் கட்டிங்காரர். அவர் மனசு ஆறாமலேயே போனார்.

அவர் போனபிறகுதான் நான் அதைப் பார்த்தேன். குடை செய்கிறவரின் குடையில் சிவப்பு நகர்ந்திருந்தது. கோட்டைத் தாண்டி ஒரு பிறை அளவு வெளியே வந்து, பக்கத்தில் நிற்பவரின் காதில் ஏறியிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை.

"சான். ரெஜிஸ்டர் அவுட்."

அவர் லென்ஸை எடுக்கவே இல்லை. பெற்ற பிள்ளையின் குறும்பைப் பார்ப்பதுபோல அந்தக் காதைப் பார்த்தார். "அன்றைக்கு மழையாக இருந்திருக்கும். தாள் ஈரத்தில் நீண்டிருக்கும். பாவம்" என்றார்.

"கும்மிடிப்பூண்டியிலும் மழை பெய்கிறது சான்" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். மறுநாள் கொசுவர்த்தி டப்பாவை மறுபடியும் திருப்பி அனுப்பினார்.

அதற்குப் பிறகு அடிக்கடி கைகழுவப் போனேன். அந்தக் காலத்தில் புத்தகம் வாடகைக்கு விடுகிறவர்கள் மூட்டையாக முதுகில் கட்டிக்கொண்டு வீடுவீடாகப் போவார்களாம். இதுவும் அப்படி ஊர் சுற்றிய புத்தகம். ஒவ்வொரு தாளின் இடது கீழ் மூலையிலும் புரட்டிய விரல்களின் அழுக்கு படிந்திருந்தது. எவனோ ஒருவன் மழைப் பெண்ணுக்கு மைக்கோலால் மீசை போட்டிருந்தான். சான் அந்த அழுக்கையும் மீசையையும்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் காட்டினார். மூன்று பாகத்தில் இது நடு பாகம். முதலும் கடைசியும் கிடைக்குமா என்று பல வருஷமாகப் பழைய புத்தகக் கடைகளில் தேடுகிறாராம்.

அவர் ஊர் திரும்பும் நாள் வந்தது. விஜயதசமி இரவு விமானம். அதற்கு முந்தைய வாரம் என்னைக் கூப்பிட்டு, என் வீட்டில் காலை வெயில் சாய்ந்து விழும் ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டார். புத்தகத்தில் ஒரு பனிக்காட்சி உண்டு. அதில் பனிக்கு மையே கிடையாது. பலகையை மை தடவாமல் தாளில் அழுத்தி மேடாக்கியிருக்கிறார்கள். டியூப் லைட்டில் அது தெரியாது, சாய்ந்த வெளிச்சத்தில்தான் எழுந்து வரும். கொண்டுபோய் நிதானமாகப் பார், நான் புறப்படுவதற்கு முன் கொடுத்தால் போதும் என்றார். கைகழுவ வேண்டும், சுத்தமான துணிமேல்தான் வைக்க வேண்டும், பக்கத்தில் ஈரமான எதுவும் ஆகாது. இவ்வளவுதான் நிபந்தனை. கொசுவர்த்தி டப்பாவில் என்னை நம்பாத மனிதர் இதில் நம்பினார்.

செவ்வாப்பேட்டையில் என் வீட்டுக் கிழக்கு ஜன்னல் ஓரம் தினமும் காலையில் கடை விரித்தேன். குளித்துவிட்டு வந்து, கையைத் துடைத்து, வெள்ளைத் துணியைப் பரப்பி, புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து வைத்துக் கிழக்கு பார்த்து உட்காருவேன். காபியைக்கூடத் தள்ளிவைத்துவிடுவேன். பனி எழுந்தது. தாளில் ஒன்றுமில்லாத இடத்தில் கூரைகூரையாகப் பனி நின்றது. முடிந்ததும் துணியில் சுற்றி பீரோவின் மேல்தட்டில் வைப்பேன். சமையலறையிலிருந்து என் மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதை யோசிக்கவில்லை.

சரஸ்வதி பூஜை அன்று திருஷ்டிக்கு உடைக்கப் பூசணிக்காய் வாங்க என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டாள். திரும்பி வந்தால் பூஜை முடியும் கட்டம். பலகைமேல் புத்தக அடுக்கு. கீழே என் ஆபீஸ் ஃபைல்கள், மேலே பிளஸ் டூ படிக்கும் மகளின் புத்தகங்கள், பக்கத்தில் லேப்டாப், கத்தரிக்கோல், அரிவாள்மனை, கேஸ் லைட்டர். எல்லாவற்றுக்கும் மேலே, உச்சியில், கருநீல அட்டை. அதன் நடுவில் ஈரச் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம். ஒரு சாமந்திப் பூ வேறு.

பூசணிக்காயை அப்படியே கீழே வைத்தேன். "அது யார் புக்கு தெரியுமா?" என்றேன்.

"சாமி புக்குதானே?" என்றாள் அவள், கற்பூரத் தட்டோடு. "டெய்லி குளிச்சிட்டு, துணி விரிச்சி, கிழக்க பாத்து ஒக்காந்துக்கினு படிக்கிறீங்க. காப்பியக்கூட தள்ளி வைக்கிறீங்க. என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல. செரி, ஏதோ வேண்டுதல்னு நானும் கேக்கல. அதான் மேல வச்சேன்."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எடுக்கக் கையை நீட்டினேன்.

"ப்பா, தொடாதீங்க" என்றாள் மகள். "பூஜைல வச்சா நாளைக்குதான் எடுக்கணும்." அவளுடைய கெமிஸ்ட்ரி புத்தகம் அந்த அடுக்கில் இருந்தது. அதற்கு மேலே இருந்த ஒன்றை எடுத்தால் வழக்கம் கெட்டுப்போகும், பிறகு கெமிஸ்ட்ரியும் வெளியே வரும் என்று பயந்தாள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவளுக்கு அவ்வளவு பக்தி.

அன்று முழுக்க அடுக்கைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சந்தனம் என் கண் முன்னால் காய்ந்துகொண்டிருந்தது. போன வருஷம் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு யாரோ ஆசையாக மிஷினின் ரெஜிஸ்டர் கேமரா கண்ணாடியிலும் பொட்டு வைத்துவிட்டார்கள். மிஷினுக்குக் கண் தெரியாமல்போய், அச்சான அட்டையெல்லாம் வீண். அதற்குப் பிறகு ஒரு வாரம் சான் கையில் துணியோடு அலைந்தார், குங்குமம் எங்கே தெரிந்தாலும் துடைத்தார். அந்த மனிதரிடம் இந்தப் புத்தகத்தை எப்படி நீட்டுவது? அழுக்கு விரல்களை அவர் ரசித்தது உண்மைதான். ஆனால் செத்துப்போனவர்களின் அழுக்குக்கு இருக்கும் மரியாதை உயிரோடு இருக்கிறவர்களின் அழுக்குக்குக் கிடைக்காது. நம்பிக் கொடுத்தாரே, கடைசியாக எங்களைப் பற்றி இப்படி நினைத்துக்கொண்டா விமானம் ஏறப்போகிறார் என்று அவமானமாக இருந்தது.

காலையில் மறுபூஜை முடிந்து அடுக்கை வடக்கே நகர்த்தியதும் புத்தகத்தை எடுத்தேன். மென்மையான தூரிகையால் தட்டினேன். சந்தனம் உதிர்ந்தது, ஆனால் கருநீலத்தில் வெளிறிய மஞ்சள் வட்டமும் அதன்மேல் சிவப்பும் நின்றுவிட்டன. மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"எடுத்தவொடனே கொஞ்சம் படிச்சிட்டுதான் வைக்கணும். படிங்க" என்றாள். படிக்கத் தெரியாது என்றேன். "அப்போ படமாச்சும் காட்டுங்க."

பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைக் கழுவிக்கொண்டுதான் உட்கார்ந்தாள், நான் சொல்லாமலேயே. மீன்காரரைப் பார்த்தாள், குடைக்காரரைப் பார்த்தாள். மீசை வைத்த பெண்ணிடம் வந்ததும் பெரிதாகச் சிரித்தாள். அந்தப் பெண் யாரிடமிருந்தோ ஓடுகிறாள் என்றும், மீன்காரருக்கு அது தெரியும் என்றும், அதனால்தான் அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை என்றும் கதை கட்டினாள். கடைசிப் பக்கம் வந்தது.

"அப்பறம் இன்னா ஆச்சி?"

"அடுத்த பாகம் சான்கிட்டயே இல்ல."

"அய்ய" என்றாள். சுண்டலை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். "கேட்டா நான்தான் வச்சேன்னு சொல்லுங்க. நீங்க முழிச்சிக்கினு நிக்காதீங்க."

மின்சார ரயிலில் பையை மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். சானின் வீட்டில் பெட்டிகள் கட்டிக் கிடந்தன. துணியைப் பிரித்துப் புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டி, எப்படி நடந்தது என்று அரை இங்கிலீஷில் சொன்னேன். எங்களுக்கு வேலை கொடுப்பதையும் படிப்புக் கொடுப்பதையும் வருஷத்துக்கு ஒருநாள் கும்பிடுவோம், வீட்டில் இருப்பதிலேயே பெரியது இதுதான் என்று என் மனைவி நினைத்துவிட்டாள், மன்னிக்க வேண்டும் என்றேன்.

அவர் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். அட்டையைப் பார்த்தபடியே நின்றார். முகத்தில் வலி தெரிந்தது, அதை நான் பார்த்துவிட்டேன், அவரும் மறைக்கவில்லை. பிறகு ஜன்னலுக்குப் போய், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தார். பொட்டின் மேல் வைத்துக் குனிந்தார். மிஷின் பக்கத்தில் நின்றதுபோலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"முதல் கலர் மஞ்சள்" என்றார். "இரண்டாவது கலர் சிவப்பு."

"ஆமாம்."

"ரெஜிஸ்டர் அவுட்."

நானும் குனிந்தேன். உண்மைதான். குங்குமம் சந்தனத்தின் நடுவில் இல்லை. இடது பக்கம் நகர்ந்து, ஒரு பிறை அளவு வெளியே வந்திருந்தது. அடுப்பில் சுண்டல், கையில் கற்பூரம், கடைக்குப் போனவன் வருவதற்குள் முடிக்க வேண்டிய அவசரம். அந்த விரலுக்கு நேரம் இருந்திருக்காது.

"துடைத்துவிடுகிறேன் சான், இன்னும் கொஞ்சம் போகும்" என்று கைக்குட்டையை எடுத்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்" என்றார்.

அந்தத் தமிழ் வார்த்தை அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். புத்தகத்தை அப்படியே துணியில் சுற்றி, பெட்டியில் வைக்காமல், கையோடு எடுத்துப்போகும் பையில் வைத்தார். பிறகு சுண்டல் டப்பாவைத் திறந்தார்.